கொக்கிக்கு எட்டாத கை

அளவெடுக்கும்போது இஞ்ச் டேப்பை நான் முதலில் வைப்பது தோளில்தான். கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை, பிறகு முதுகுப்புறம் தோளுக்குத் தோள், பிறகு கையைச் சற்றே தூக்கச் சொல்லிக் கைக்குழியின் சுற்று. சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் 31 ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். வலது தோள் இறங்கியவர்கள், இடது தோள் ஏறியவர்கள், பிள்ளையை ஒரே இடுப்பில் தூக்கித் தூக்கி ஒருபக்கம் சாய்ந்துபோனவர்கள் என்று எத்தனையோ தோள்களை அளந்துவிட்டேன். அவற்றில் சில என்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்பது என் தோள் முடங்கிய பிறகுதான் புரிந்தது.

ஐம்பதை ஒட்டிய வாடிக்கையாளர்கள் சிலர் திடீரென்று, "பின்கொக்கி வேண்டாம் அக்கா, முன்னாலேயே வைத்துவிடுங்கள்" என்பார்கள். முந்தைய தீபாவளிக்குப் பின்கொக்கிதான் வேண்டுமென்று அடம்பிடித்தவர்களாக இருப்பார்கள். வேறு சிலர் கைக்குழியை ஓர் அங்குலம் தளர்த்தச் சொல்வார்கள். பாஜு குரோங் என்ற நீண்ட மலாய் மேலாடையைத் தலைவழியாகப் போட முடியவில்லை என்று ஒரு மலாய் அம்மா முன்பக்கம் முழுவதும் ஜிப் வைக்கச் சொன்னார். வயது ஏறுகிறது, வசதியாக உடுத்த நினைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு கேட்டபடியே தைத்துக் கொடுத்தேன். ஒருவரிடமும் "ஏன்?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டு மூன்று பேராவது சில மாதங்கள் முன்னதாக மருத்துவரைப் பார்த்திருப்பார்கள். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

2023 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. பழைய புளோக் என்பதால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியைச் செருகும் குழாய்கள் இன்னும் உண்டு. துவைத்த துணிகளைக் கழியில் வரிசையாகக் கோத்து, கிளிப் போட்டு, நுனியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அடிப்பக்கத்தைக் குழாய்க்குள் இறக்க வேண்டும். அன்று கழியில் இரண்டு போர்வைகள், இவருடைய நான்கு கால்சட்டைகள். சொட்டச் சொட்ட ஈரம். நீட்டிய கையால் அந்தப் பாரத்தைத் தாங்கும்போது வலது தோளுக்குள் சுருக்கென்றது. கழியை விட்டுவிடலாம் போலிருந்தது. கீழே நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு குழாய்க்குள் இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்தக் கழியின்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். சுளுக்கு என்றார் இவர். சுளுக்கு என்றாள் என் நாத்தனார். கோடாலித் தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒற்றடம் கொடுத்தேன், சுளுக்கு வழிப்பவரிடம் இரண்டு முறை போனேன். நம் வீடுகளில் இந்தச் சுளுக்கு என்ற ஒரு சொல் எத்தனை நோய்களை மூடி வைத்துவிடுகிறது! வலி கூடிக்கொண்டே போனது. இரவில்தான் மிகவும் கடுமை. வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. இடப்பக்கம் படுத்தாலும் கை முன்னே சரிந்து தோளை இழுக்கும்.

வலி ஒருபுறமிருக்க, அசைவுகள் ஒவ்வொன்றாக என்னைவிட்டுப் போயின. முதலில் கை முதுகுப்பக்கம் போக மறுத்தது. பிறகு சடை பின்ன முடியவில்லை. பிறகு முந்தானைக்கு ஊக்குக் குத்த முடியவில்லை. கத்தரிக்கோல் பிடிப்பதில் சிரமம் இல்லை, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும் வேலை அது. மேல்தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுக்க வேண்டுமென்றால் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஜூலையில் ஒருநாள் காலை உள்ளாடைக் கொக்கியை மாட்ட முடியாமல் மகளைக் கூப்பிட்டேன். அவள் எதுவும் பேசாமல் மாட்டிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முன்கொக்கி கேட்டவர்களின் முகங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் முதலில் பெயரைச் சொன்னார். மின்தூக்கியில் பொத்தானை இடக்கையால் அழுத்தியதைப் பார்த்துவிட்டு, "வூ ஷி ஜியென்" என்றார். ஐம்பது வயதுத் தோள் என்று அர்த்தமாம். தமக்கும் ஐம்பத்திரண்டில் வந்ததாம். "தைலம் போதாது, டாக்டரிடம் போ" என்று மூன்று முறை சொன்னார். அடுத்த வாரமே பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) முன்பதிவு செய்தேன்.

கழியைப் பற்றிய கதையை நான் சொல்லி முடிக்கும்வரை மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "சர்க்கரை இருக்கிறதா?" எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. என் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். இடக்கை தாராளமாகத் திரும்பியது. வலக்கை ஒரு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. அவர் தள்ளினாலும் நகரவில்லை. நானாகத் தூக்கினாலும் பிறர் தூக்கினாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் அது மூட்டுறையின் இறுக்கம், உறைந்த தோள் என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பில் எந்தக் குறையும் இல்லை.

அவர் சொன்னதை என் தொழிலோடு பொருத்தித்தான் புரிந்துகொண்டேன். பட்டு ரவிக்கைக்கு உள்ளே லைனிங் கொடுப்போம். லைனிங் துணியை முதலில் நனைத்துக் காயவைக்காமல் தைத்துவிட்டால், முதல் சலவையில் அது சுருங்கிவிடும். வெளியே பட்டு அப்படியே இருக்கும், அளவும் சரியாக இருக்கும். கையை மட்டும் தூக்க முடியாது. தோள்மூட்டைச் சுற்றியும் அப்படி ஓர் உறை இருக்கிறது. அது அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், லைனிங் தெரியாது.

இது பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வருகிற வாய்ப்பும் அதிகம், குணமாக எடுக்கும் காலமும் அதிகம். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும், எலும்பு முறிவாலோ அறுவை சிகிச்சையாலோ கையை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வரலாம். முதலில் வலி மிகுந்து கை இறுகும் கட்டம், அடுத்து வலி தணிந்தும் கை அசையாத கட்டம், பிறகு மெல்ல இளகும் கட்டம். மூன்றும் முடிய ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். உறைந்த தோள் என்று பொருள்படும் ஃப்ரோஸன் ஷோல்டர் என்ற ஆங்கிலப் பெயரை 1934-இல் வைத்தவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் கோட்மன்.

"அப்படியானால் அந்த மூங்கில் கழி?" என்று கேட்டேன். உறை அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கியிருக்கலாம், கழி அதை உங்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். வலி தொடங்கிய நாளுக்கும் வலியின் காரணத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) அப்போது 8.6 விழுக்காடு. தைலத்துக்குச் செலவழித்த அக்கறையை அந்த எண்ணுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் தினமும் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டேன். வலி தணிந்து தூக்கம் வந்தது. தூக்கம் வந்த பிறகுதான் பயிற்சி செய்யத் தெம்பும் வந்தது.

இயன்முறை சிகிச்சை அளித்த பெண் என் மகள் வயதுதான் இருப்பாள். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்துகொண்டு, மற்றக் கையைத் தளரத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்டச் சொன்னாள். அடுத்தது, இரு கைகளிலும் ஒரு கோலைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி முடங்கிய கையை வெளிப்பக்கம் திருப்புவது. கடையில் என் கஜக்கோல் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டேன். மூன்றாவது, சுவரில் விரல்களை எறும்புபோல் ஊர்ந்து ஏற்றுவது. "வலியைத் தாங்கிக்கொண்டு வலுவாக இழுக்காதீர்கள் ஆன்ட்டி. இழுவை தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்" என்றாள். சுளுக்கு வழித்தவர் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பை நினைத்துக்கொண்டேன்.

சிகிச்சைக்குக் காத்திருக்கும் கூடத்தில்தான் தோள்வலி என்பது ஒரே நோய் இல்லை என்று தெரிந்துகொண்டேன். தோள்மூட்டில் இருக்கும் பந்து பெரியது, அது உட்கார்ந்திருக்கும் கிண்ணம் சிறியது. ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைக் காப்பிக் கோப்பையின் மூடிமேல் வைத்ததுபோல. அதனால்தான் உடம்பின் மற்ற எந்த மூட்டும் சுழலாத அளவுக்கு அது சுழல்கிறது. அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. பந்தைக் கிண்ணத்தோடு அணைத்துப் பிடித்திருப்பவை நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். அந்தத் தொகுதிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ரொட்டேட்டர் கஃப். கஃப் என்பது சட்டைக் கையின் முனையில் நாங்கள் வைக்கும் பட்டி! என் தொழிற்சொல் தோளுக்குள் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நான்கில் மேலே இருக்கும் தசைநாண் ஓர் எலும்புக் கூரைக்கு அடியில் குறுகலான சந்தில் ஓடுகிறது. அதிகம் கிழிவது அதுதான். தலைக்கு மேல் கை தூக்கி ஓயாமல் வேலை செய்பவர்களுக்குக் கழுத்துப்பட்டியின் மடிப்பு நைந்துபோவதைப்போல் அது நைகிறது. கூரைக்குச் சாயம் பூசுபவர்கள், மின்கம்பி இழுப்பவர்கள், வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுச் சனிக்கிழமை சமூக மன்றத்தில் இரண்டு மணி நேரம் பூப்பந்து அடிப்பவர்கள் என்று அந்தக் கூடத்தில் பலரைப் பார்த்தேன். நைந்தது ஒருநாள் ஒரு வெட்டிழுப்பில் கிழிந்தும்விடும்.

அப்படிக் கிழிந்த தோளை என் கடையிலேயே பார்த்தேன். மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், சாயம் பூசும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வரும்போது கால்சட்டை கீழ்மடிப்புத் தைக்கக் கொடுப்பார். அன்று புதுச்சட்டைக்கு அளவெடுக்க வந்தார். கையைத் தூக்கச் சொன்னேன். வலது கை மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. தோளைக் காதுவரை உயர்த்தி, உடம்பைச் சாய்த்து, ஏதேதோ செய்து பார்த்தார். பிறகு இடக்கையால் வலக்கையைப் பிடித்துத் தூக்கினார். தலைக்கு மேல் தடையில்லாமல் போயிற்று. இடக்கையை எடுத்ததும் தொப்பென்று விழுந்தது.

என் கை அப்படி இல்லையே! என் கையை யார் தூக்கினாலும் போகாது. அவருடையது தூக்கினால் போகிறது, தானாகத்தான் எழவில்லை. விசாரித்தபோது, ஏணியிலிருந்து சறுக்கியபோது ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியதைச் சொன்னார். மூன்று வாரம் ஆகிவிட்டிருந்தது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு இடக்கையால் சாயம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "தம்பி, இது எனக்கு வந்தது இல்லை. இதற்குக் காத்திருக்கக் கூடாது. நாளைக்கே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றேன். விழுந்த பிறகு கை எழாமல் போனால் விரைவாகப் பார்க்க வேண்டும்; கிழிந்த தசைநாண் பின்வாங்கித் தசை மெலிந்துவிட்டால் சேர்த்துத் தைப்பது கடினமாகிவிடும். வேலையில் பட்ட காயத்துக்கு இங்கே வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, வெளிநாட்டு ஊழியருக்கும் அது பொருந்தும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

ஸ்கேனில் மேல் தசைநாண் முழுவதுமாகக் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாவது வாரம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டை போட முடியாமல் ஒரு தோளில் துண்டைப் போர்த்தியிருந்தார். நான் தைத்து வைத்திருந்த புதுச்சட்டையின் வலப்பக்கத் தையலைக் கையின் முனையிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை பிரித்து, இருபுறமும் வெல்க்ரோ வைத்துக் கொடுத்தேன். கையைத் தூக்காமலே சட்டையைச் சுற்றிப் போர்த்தி ஒட்டிக்கொள்ளலாம். அதன்பிறகு அதே மாதிரி பதினொரு சட்டைகள் தைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் கூலி வாங்கவில்லை.

தோள் நழுவுவது வேறு கதை. அது பெரும்பாலும் இளைஞர்களுக்கு. என் அக்காள் மகனுக்கு இருபது வயது, காற்பந்து ஆடும்போது நீட்டிய கையின்மேல் விழுந்தான். தோளின் உருண்டை வடிவம் போய்ச் சதுரமாகிவிட்டது. கூட ஆடியவர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போடப் பார்த்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நரம்பும் ரத்தக்குழாயும் அந்த வழியாகத்தான் போகின்றன. எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் இழுப்பது கையையே கெடுத்துவிடும். நல்லவேளையாக ஒருவன் தடுத்து, கையை அப்படியே அணைத்துக் கட்டி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனான். தோளின் வெளிப்பக்கத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்றுதான் அங்கே முதலில் பார்த்தார்களாம்.

சின்ன வயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது; எனக்கு இறுகியதை இளக்க வேண்டும், அவனுக்குத் தளர்ந்ததை வலுவாக்க வேண்டும். அவ்வாண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பின்பக்கம் சாய்த்துக் குடத்தைத் தலையில் பிடிக்கும் அந்த நிலைதான் தோள் முன்பக்கமாக நழுவ ஏற்ற நிலை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குடத்தை என் அக்காள் எடுத்தாள். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை அவன் அவள் பக்கத்திலேயே நடந்துவந்தான். முருகன் அதை ஏற்றுக்கொண்டிருப்பான் என்று நான் மனமார நம்புகிறேன்.

தோளில் வலித்தாலும் தோளில் நோயில்லாமல் இருப்பதும் உண்டு. கழுத்து நரம்பு அழுந்தினால் வலி தோளிலிருந்து முழங்கை தாண்டி விரல்வரை ஓடும், மரத்தும் போகும். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாகத் தெரியலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோளோ கையோ வலித்தால் தைலத்தைத் தேடாமல் இங்கே ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பின் நெஞ்சுவலி மங்கலாகவும் இருக்கலாம். எங்களைப் போன்ற தையற்காரர்களுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வருகிற கடுப்பு பெரும்பாலும் மேசை உயரத்தால் வருவது. ஜூக்கி தையல் மெஷினுக்கு முன் நாற்காலியை இரண்டு அங்குலம் உயர்த்திய பிறகு என் உதவியாளருக்கு அது குறைந்துவிட்டது.

என் கடைச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், சாக்பீஸ் கோடுகள் ஏணிப்படிபோல் இருக்கும். விரல்கள் ஊர்ந்து எட்டிய உயரத்தை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி குறித்துவந்தேன். 2023 ஆகஸ்டில் தரையிலிருந்து 49 அங்குலம். செப்டம்பரில் அரை அங்குலம் கூடியது. அக்டோபரில் எதுவும் கூடவில்லை. அன்று கஜக்கோலைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டிசம்பரில் 53. அடுத்த தீபாவளிக்கு 68. இடக்கை எட்டுவது 74. சர்க்கரை அளவு 7.1-க்கு இறங்கியிருக்கிறது. சடை நானே பின்னிக்கொள்கிறேன்.

இப்போது அளவெடுக்கும்போது கேட்கிறேன். சென்ற மாதம் ஓர் ஆசிரியை வந்தார், 51 வயது. எட்டு மாதம் கழித்து மகளுக்குக் கல்யாணம். மாம்பழ மஞ்சள் பட்டு, முதுகில் கயிறு வைத்துப் பின்கொக்கி போட்ட மாதிரியை அதற்கு முந்தைய மாதமே படத்தில் காட்டித் தேர்ந்தெடுத்தவர். "முன்கொக்கியாகவே தைத்துவிடுங்கள் அக்கா" என்றார். ஏன் என்றேன். சும்மாதான் என்றார். கையைத் தூக்கச் சொன்னேன். முழங்கையைப் பிடித்து நானும் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். தோள் உயரத்தில் முட்டி நின்றது. இரவில் தூங்குகிறீர்களா என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு வெட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பட்டு இன்னும் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. அளவுச் சீட்டில் கொக்கி என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.